பி பிரிவு கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை

பிச்சாண்டி ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் பி.எட். படிக்க வந்தவர். கற்பித்தல் பயிற்சிக்கு அவரை ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே வரலாறு நடத்தும் நவநீதம் டீச்சர்தான் அவருக்கு வழிகாட்டி. டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. குருவைவிடச் சீடருக்கு ஒன்பது வயது கூட. இரண்டு பேருமே அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

வந்த மூன்றாவது வாரமே பிச்சாண்டி ஒரு யுத்தத்தை நிறுத்தினார். கபடி மைதானம் யாருக்கு என்று பத்தாம் வகுப்பு ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் அடிதடி. பி பிரிவுக்காரன் எறிந்த கல், ஏ பிரிவு லோகேஷின் நெற்றியைப் பிளந்துவிட்டது. ஆறு தையல். ஆஸ்பத்திரியில் லோகேஷின் அம்மா அழுத அழுகையை அவரால் தாங்க முடியவில்லை.

"இனிமே இந்த ஸ்கூல்ல ஒரு பையன் மேலயும் அடி விழாதும்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. மறுநாளே ஒரு முழுத்தாளில் உடன்படிக்கை தயார். தவறு முழுக்க பி பிரிவுடையது. வருஷம் முடியும்வரை பி பிரிவு மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. ஏ பிரிவு ஆடுவதற்கு வெள்ளிக்கிழமைதோறும் பி பிரிவுதான் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுத் தர வேண்டும். மீறினால் டி.சி. பி பிரிவுப் பையன்கள் இருபத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்கப்புறம் மூன்று மாதம் ஒரு சத்தமில்லை. தலைமையாசிரியர் பிரேயரில் மைக் பிடித்துப் பாராட்டினார். அன்றைக்கு முழுக்கப் பிச்சாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிப்ரவரியில் திருப்புதல் ஆரம்பித்தது. பி பிரிவுக்கு வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை நடத்திவிட்டு வந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன சார்?" என்றார் டீச்சர்.

"ஷரத்தெல்லாம் தலைகீழா ஒப்பிக்கிறாங்க டீச்சர். போருக்கு ஜெர்மனிதான் காரணம்னு ஒத்துக்கணும், படை ஒரு லட்சத்துக்கு மேல கூடாது, அல்சேஸ் லொரைன் பிரான்சுக்கு. ஒரு வரி தப்பலை. ஆனா கையெழுத்துப் போட்ட நாடு இருபதே வருஷத்துல ஏன் மறுபடி சண்டைக்குப் போச்சுன்னு கேட்டா, சுவரைப் பார்க்கிறாங்க. இதை எப்படிப் புரிய வைக்கிறது?"

டீச்சர் எழுந்து பீரோவைத் திறந்தார். பி பிரிவு கையெழுத்துப் போட்ட அந்த முழுத்தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்குப் புத்தகம் வேணாம். இதைப் படிச்சுட்டு அதே கேள்வியைக் கேளுங்க."

பிச்சாண்டிக்குச் சுருக்கென்றது. நம்மைக் கிண்டல் பண்ணுகிறாரோ என்று நினைத்தார். ஆனாலும் மேலிடத்து உத்தரவு. பதினேழு வருஷப் பழக்கம் லேசில் விடுமா?

மறுநாள் படித்தார். முதல் வரியிலேயே வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. முடித்துவிட்டுக் கேட்டார்:

"கையெழுத்துப் போட்டப்புறம் ஏன் மறுபடி சண்டைக்குப் போகணும்?"

பி பிரிவின் கபடி கேப்டன் யுவராஜ் எழுந்தான்.

"கோபப்பட மாட்டீங்களே சார்?"

"சொல்லு."

"கல்லு போட்டது எங்க தப்புதான். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் அவங்க எங்களை மைதானத்துக்குள்ளயே விடலை. அது இந்தப் பேப்பர்ல இல்லை."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா?"

"யாரு சார் கேட்டாங்க?"

பிச்சாண்டி தாளை மடித்தார். யுவராஜ் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஹால் டிக்கெட் குடுக்கிற அன்னைக்கு சார்."

"அன்னைக்கு என்ன?"

"அதுக்கப்புறம் டி.சி. குடுக்க முடியாதில்ல? அன்னைக்குத்தான் சண்டை வெச்சிருக்கோம். கையெழுத்துப் போட்ட சாயங்காலமே முடிவு பண்ணிட்டோம்."

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். மற்ற இருபத்திரண்டு தலைகளும் கவிழ்ந்தன. ஒருவனும் இல்லை என்று சொல்லவில்லை. ஹால் டிக்கெட்டுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

பிச்சாண்டி ஆசிரியர் அறைக்கு ஓடாத குறையாக வந்தார்.

"லோகேஷ் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் டீச்சர்? ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லி இன்னும் கடுமையா ஒண்ணு எழுதி வாங்கிடட்டுமா?"

"வாங்கலாம். அதுலயும் கையெழுத்துப் போடுவாங்க."

"அப்போ இதைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?"

"கிழிக்கலாம். தையல் போட்டுக்கிட்ட பையன் என்ன நினைப்பான்?"

பிச்சாண்டி பொத்தென்று உட்கார்ந்தார். டீச்சர் தாளை வாங்கி மேஜைமேல் விரித்தார்.

"இதை எங்க உட்கார்ந்து எழுதினீங்க?"

"ஹெட்மாஸ்டர் ரூம்ல."

"யார் யார் இருந்தீங்க?"

"நான், ஹெட்மாஸ்டர், ஏ பிரிவுல ரெண்டு பசங்க."

"பி பிரிவு?"



"வெளிய வராந்தாவுல முட்டி போட வெச்சிருந்தோம்."

"கையெழுத்து?"

"பேப்பரை நான்தான் எடுத்துட்டுப் போனேன். முட்டி போட்டபடியே வரிசையாப் போட்டுக் குடுத்தாங்க."

"அப்புறம் எழுந்திருக்கச் சொன்னது யாரு?"

பிச்சாண்டி யோசித்தார். தான் சொன்னதாக ஞாபகமில்லை. தலைமையாசிரியரும் சொல்லவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"யாரும் சொல்லலை டீச்சர். சாப்பாட்டு மணி அடிச்சுது. அவங்களே எழுந்து போயிட்டாங்க."

"இல்ல சார்" என்றார் நவநீதம் டீச்சர். "இன்னும் எழுந்திருக்கலை. போய் எழுப்பி உள்ளே கூட்டிட்டு வாங்க. ரெண்டு பக்கத்துக்கும் நான் நாற்காலி போட்டு வைக்கிறேன்."