முதல் இழுப்பு

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. ஒரு கயிறு. அதன் ஒரு முனையில் ஒருவனுடைய உயிர். மறுமுனையில் என்ன இருக்க வேண்டும்? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

நெடுங்காலத்துக்கு முன், முத்துக் குளிக்கும் கடற்கரை ஒன்றில் கடம்பர் என்ற தோணிக்காரர் இருந்தார். அந்தக் கரையிலேயே பெரிய தோணி அவருடையது. ஆனால் இளவட்டங்கள் யாரும் அதில் நிலைப்பதில்லை. வயிறாரச் சோறு போட்டார்; போய்விட்டார்கள். பட்டுத் தலைப்பாகை கொடுத்தார், போய்விட்டார்கள். காதுக்குக் கடுக்கன் போட்டார்; அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“நன்றி கெட்ட பிள்ளைகள்!” என்று பொருமினார் கடம்பர்.

அந்தப் பருவத்தில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்க மிஞ்சிய குளிகாரன் தும்பன் என்ற சிறுவன் ஒருவன்தான். அவனும் போனால் தோணி கரையில் கிடக்க வேண்டியதுதான்.

துடுப்புக்காரர்கள் தோணியைக் கடலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தும்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மறுமுனையை வழக்கம்போலக் கடம்பரே பிடித்தார்.

கயிறு ஒருமுறை இழுபட்டது. ‘தூக்கு’ என்று அதற்குப் பொருள்.

“பயந்திருப்பான். இன்னும் நாலு சிப்பி பொறுக்கட்டும்” என்றார் கடம்பர்.

மறுபடி இழுபட்டது.

“பொறுடா, பொறு.”

மூன்றாவது இழுப்பு வரவில்லை.

கடம்பர் பதறிக் கயிற்றை இழுத்தார், இழுத்தார், மூச்சிரைக்க இழுத்தார். உதடு நீலம் பாரித்து மேலே வந்தான் தும்பன். வெகுநேரம் இருமினான். பிறகு கயிற்றை அவிழ்த்து அவரிடம் நீட்டினான்.

“போனவர்கள் எல்லாரும் இதனால்தான் போனார்கள், ஐயா. இப்போது நீங்கள் இறங்குங்கள். நான் பிடிக்கிறேன். மாட்டீர்கள் என்றால் நானும் நாளைக்கு வரமாட்டேன்.”

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கடம்பர் இறங்கினார்.

கீழே இருட்டு. காது வலித்தது. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. கயிற்றை இழுத்தார். ‘நான் செய்ததையே இவனும் செய்தால்?’ நினைத்து முடிப்பதற்குள் கயிறு அவரை மேலே கொண்டுபோனது.

“ஒரு சிப்பிகூடக் காணோமே, ஐயா!” என்றான் தும்பன்.

துடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். கடம்பர் சிரிக்கவில்லை.

“இனி முதல் இழுப்பிலேயே தூக்குவோம். கயிற்றை யார் பிடிப்பது என்று இறங்குகிறவனே சொல்லட்டும்” என்றார்.

தன் அழைப்பை முதல் தடவையிலேயே மதித்துக் கேட்கிற இடத்தில்தான் இளையவன் மனமொன்றி நிலைப்பான்.

மறுநாள் காலையில், “யார் பிடிக்க வேண்டும்?” என்று கேட்டார் கடம்பர்.

தும்பன் கயிற்றை அவர் கையில் கொடுத்தான்.