பொறுப்பாளர் இல்லாத சிவப்புப் புள்ளி

"இந்த சாஃப்ட்வேருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு வாத்தியாரம்மா!"

சவரிமுத்து கத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியின் எலெக்ட்ரிக்கல் பிரிவில் தலை நரைத்து, போன வருஷம்தான் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றலானவர். அங்கே தொழில் சொல்லிக்கொடுத்த கோதைக்கு அவர் மகள் வயசு. அவருக்கு என்னவோ அவள்தான் வாத்தியாரம்மா.

சாஃப்ட்வேரின் வேலை லேசானது. ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் எந்த மிஷினைச் செருகினாலும் கண்டுபிடித்துத் திரையில் ஒரு புள்ளி வைக்கும். புதுசென்றால் பச்சை, பழசென்றால் சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் பொறுப்பாளர் பெயர் இல்லாவிட்டால், யாரையும் கேட்காமல் காயலான் கடைக்கு ஏற்றிவிடலாம்.

பெயர் போட எவன் வருவான்? பழைய மிஷின் மக்கர் பண்ணினால் போட்டவன் தலைதானே நாளைக்கு உருளும்!

"திங்கக்கிழமை பழைய மிஷினைத் தேடறேன்னு எல்லா வார்டுக்கும் சொல்லித்தான் தேடறேன். வாராவாரம் புள்ளி குறையுது" என்றார் சவரிமுத்து. "குழந்தை வார்டு மிஷின் அடியோட காணோம். சாயங்காலத்துக்குள்ள பிடிக்கலேன்னா ஐடி கார்டைக் கழட்டி வச்சுட்டுப் போங்கறாரு மேனேஜர். பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?"

கோதை தன் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். திரையில் அவளுடைய பச்சைப் புள்ளி அணைந்தது.

"நான் எங்கே?"

"இதென்ன கூத்து? என் முன்னாடிதான் இருக்கீங்க."

"திரையில இல்லையே."

"நீங்கதானே வயரைப் பிடுங்கினீங்க!"

"ஏன் பிடுங்கினேன்?"

சவரிமுத்து வயரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியலைல்ல? வார்டுல போய்க் கேளுங்க."

குழந்தை வார்டில், மூலையில், பச்சைத் துணிக்கு அடியில் இருந்தது அந்த மிஷின். குறுக்கே வந்து நின்றாள் எஸ்தர் சிஸ்டர்.

"தொட்டீங்க, நடக்கறதே வேற!"

"இது சிவப்பு, சிஸ்டர். போயே ஆகணும்."

"பக்கத்து வார்டுல தூக்கிட்டுப் போனீங்களே, பதிலுக்கு என்ன குடுத்தீங்க?"

அவர் எட்டித் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"எந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டினாலும் இதுதான் கத்தும். இத்தனை பிள்ளைக்கு நாங்க ரெண்டே பேர். இதையும் எடுக்கணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க."

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தை உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தது. பக்கத்து வார்டு மிஷினைத் தூக்கியது இதே கைதானே என்று நினைத்தார்.

குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த நெட்வொர்க் வயரை எடுத்துச் செருகினார்.

"அடப் பாவி மனுஷா!" என்று அலறினாள் எஸ்தர்.

சாஃப்ட்வேரைத் திறந்திருந்த அவருடைய போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பக்கத்தில் பொறுப்பாளர் கட்டம் காலி. சவரிமுத்து ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் பெயரை எழுதினார்.

உடனே மேனேஜரின் அழைப்பு.

"யாருய்யா உன் பேரைப் போட்டது?"

"நான்தான் சார்."

"அழி."

"புதுசைக் கொண்டாந்து வைங்க, அழிக்கிறேன். அதுவரைக்கும் இதுமேல கை வைக்கணும்னா என்னைத் தாண்டித்தான் வரணும்."

"உன் வேலை போயிடும்யா!"

"போகட்டும் சார். பேரு இருக்கும்."

போனை வைத்தார்.

திரும்பி வந்து, கழுத்திலிருந்த கார்டைக் கழற்றிக் கோதையின் மேஜையில் வைத்தார்.

"என்னைத் துரத்தப் போறாங்க வாத்தியாரம்மா."

கோதை திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவளுடைய வயர் பழையபடி செருகியிருந்தது. ஆஸ்பத்திரி முழுக்க மிச்சமிருந்த சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொறுப்பாளர்: கோதை.

"கார்டை எடுத்து மாட்டுங்க" என்றாள். "துரத்தறவங்க ரெண்டு பேரையும் சேர்த்தே துரத்தட்டும்."