பெயர் மறைத்த ஸ்லைடு

டாக்டர் சௌந்தரவல்லியிடம் திசு பார்த்து நோய் சொல்லப் பழகியவர்கள் இருவர். இளம்பரிதி மூத்தவன். பியூலா அவனுக்குப் பின் வந்தவள். இனிமேல் புற்றுநோய் அறிக்கைகளில் கையெழுத்திடும் பொறுப்பு இருவரில் ஒருவருக்கு வரப்போகிறது. அது தனக்குத்தான் என்று கோடைவரை இளம்பரிதி நிம்மதியாக இருந்தான்.

கோடையில் ஒரு பெரியவர் கழுத்தில் நெறி கட்டி வந்தார். ஓயாமல் பீடி குடிப்பவர். நுரையீரல் புற்று பரவியிருக்கிறது என்றான் இளம்பரிதி. புராஸ்டேட்டிலிருந்தும் வந்திருக்கலாம், அதற்கான சாயம் போட்டுப் பார்ப்போம் என்றாள் பியூலா. ஆண்களின் அடிவயிற்றில் இருக்கும் சுரப்பி அது. அங்கிருந்து எலும்புக்குப் போகும், கழுத்துக்கு ஏன் வருகிறது என்று இவன் சிரித்தான்.

சாயம் ஏறியது; பியூலா சொன்னதுபோல புராஸ்டேட்தான். மருந்தை மாற்றினார்கள். நெறி வற்றி, பெரியவர் நடமாடத் தொடங்கினார். ஆஸ்பத்திரி முழுக்க பியூலா பேச்சுதான். இளம்பரிதிக்கு வயிறு எரிந்தது. அவள் பெயர் காதில் விழுந்தால் காப்பிகூடக் கசந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

“மேடம், ரெண்டு பேரும் ஒரே ஸ்லைடத்தான் பார்த்தோம். அவளுக்குத் தெரிஞ்சது எனக்கு ஏன் தெரியல?”

சௌந்தரவல்லி திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு ஒன்றை எடுத்தார். பெயர் எழுதிய ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டினார்.

“இதுவும் கழுத்து நெறிதான். என்னன்னு பாருங்க.”

நெடுநேரம் பார்த்தான். பியூலா கண்ட அதே அபூர்வம்தான் இதுவும் என்று பட்டது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான், ஆனால் பூனைக்கு அது தெரியாதே.

“புராஸ்டேட் மேடம். சாயம்கூட வேண்டாம்.”

“யாரோடதுன்னு கேக்கலையே?”

“எதுக்கு மேடம்? அதான் தெளிவா தெரியுதே.”

அவர் பிளாஸ்திரியை உரித்தார். அன்னத்தாய் என்று எழுதியிருந்தது.

புராஸ்டேட்டே இல்லாத ஒருத்திக்குப் புராஸ்டேட் புற்று சொல்லியிருந்தான்.

“மார்புல இருந்து பரவினது. என்ன வியாதின்னு தெரிஞ்சுக்க அந்தம்மா வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க” என்றார் சௌந்தரவல்லி.

இளம்பரிதி ஸ்லைடில் இருந்த பெயரை மறுபடி படித்தான். அவர் தொடர்ந்தார்.

“அன்னைக்கு பியூலா சொன்னதால உங்களுக்குத் தெரியல. இன்னைக்கும் பியூலா சொன்னதாலதான் புராஸ்டேட்டா தெரியுது. நோயாளிய எப்பங்க பார்ப்பீங்க?”