சரணம் யாரிடம்?

நீலகண்டய்யரும் அப்பாத்துரைப் பிள்ளையும் உயிர்ச் சிநேகிதர்கள், பாட்டில் போட்டியாளர்கள். ஒருவர் பல்லவி கட்டி அனுப்பினால், மற்றவர் சரணம் கட்டி மடக்க வேண்டும். இருவருக்கும் நடுவே ஏடு சுமந்தவன் தம்பூராக்காரனான நான்.

ஐயர் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்த அரண்மனை வித்வான் ஐயர் கடைசியாகப் பல்லவி எழுதிவைத்திருந்த ஏட்டைச் சுருட்டிக்கொண்டார். இருபது வருஷமாக என்னை "மரக்கட்டை" என்று கூப்பிட்டவர். அந்தப் பல்லவியை ஜமீன்தார் முன் தன்னுடையதாகப் பாடினார்.

"சரணம், சாமி?" என்றேன்.

"அது நாளைக்குடா, மரக்கட்டை."

"ஐயர் பல்லவிக்குச் சரணம் பிள்ளைவாளிடம்தானே இருக்கும்? கேட்கட்டுமா?"

சபையிலிருந்த பிள்ளை அழுதுகொண்டே அங்கேயே சரணம் கட்டிப் பாடினார். கடைசி அடியில் ஐயர் பெயரை வைத்தார். வித்வான் தலை தொங்கியது.

மறுநாள் பிள்ளை புதுப் பல்லவி ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எங்கே கொண்டுபோவது என்று கேட்கவில்லை.