காயாத முகம்

முன்னொரு காலத்தில், பெரியவர்களே பிள்ளைகளே, கடல் சூழ்ந்த ஜப்பான் தேசத்தில் கென்சுகே என்றொரு ஓவியன் இருந்தான். நாடே மையைத் தொட்டுக் காகிதத்தில் வரைய, இவன் மட்டும் வெள்ளைக்காரன் கப்பலில் வந்த எண்ணெய் வர்ணத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்தான். மை உடனே காயும். எண்ணெய் வர்ணமோ வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

"விளக்குல ஊத்த வேண்டியதைப் படத்துல பூசறான் பாரு!" என்று ஊர் சிரித்தது. சிரிக்காதவள் அவன் மனைவி ஒசாயோ ஒருத்திதான். பாவம், சின்னஞ்சிறு மகள் ஒகிகுவை விட்டுவிட்டு அவளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

கென்சுகே அழுதுகொண்டே அவள் முகத்தை வரைந்தான். அப்போது வாசலில் ஒரு எண்ணெய்க் குடுவையோடு ஒரு வெள்ளை நரி வந்து நின்றது.

"ஓவியரே, பனிக்காலத்துல எனக்குச் சோறு வெச்ச புண்ணியவதி அவ. இந்த எண்ணெயைப் பூசுங்க. ஈரம் இருக்கிறவரைக்கும் படம் பேசும். காயறப்போ காயவிட்டுடணும், தெரிஞ்சுதா?"

பூசினான். படம் கண் திறந்தது. "ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்றது.

அந்தக் குரலுக்கு ஏங்கியவன் காயவிடுவானா? வர்ணம் இறுகியதும் மறுபடி எண்ணெய் தடவினான். முகம் லேசாகக் கலங்கியது, ஒசாயோவுக்குத் தாலாட்டு மறந்துபோனது. இரண்டாம் முறை தடவினான், பிறந்த ஊர் மறந்துபோனது. மூன்றாம் முறை தடவினான். ஒகிகு "அம்மா!" என்று ஓடிவந்தாள்.

"யாருங்க இந்தக் குழந்தை? அழகா இருக்காளே!" என்றது படம்.

குழந்தை அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. கென்சுகே படத்தின் முன் விழுந்து அழுதான்.

"நம்ம பொண்ணு, ஒசாயோ. உன்னை விடமாட்டேன்னு நான்தான் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுட்டேன்."

ஒசாயோ குழந்தையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்போ என்னைக் காயவிடுங்க. அவளை எதிர்ல உட்கார வைங்க. அவளைப் பார்த்துக்கிட்டே காயறேன்."

மிச்ச எண்ணெயை மண்ணில் கொட்டினான். படத்தை வெயிலில் வைத்தான், எதிரே மகளை உட்காரவைத்தான். காயக் காய மாயம் விலகியது, முகம் தெளிந்தது. பிறந்த ஊர் திரும்ப வந்தது. தாலாட்டும் வந்தது. கடைசியாக அவள் மகளைப் பார்த்து, "ஒகி..." என்றாள். வர்ணம் காய்ந்துவிட்டது.

சிரித்த ஊர் அந்தப் படத்தைப் பார்க்க வரிசையில் நின்றது. உதடு ஏன் திறந்திருக்கிறது என்று யார் கேட்டாலும், ஒகிகு கிழவியான பிறகும் ஒரே பதில்தான் சொன்னாளாம்:

"அம்மா என்னைக் கூப்பிடறாங்க."