அரண்மனையை விட உயரமான குடிசை

மன்னர் மகுடவர்மரிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. ராஜா காலத்தில் ஏது மடிக்கணினி என்று கேட்காதீர்கள். ராஜாவை நம்புகிறீர்கள் அல்லவா, இதையும் சேர்த்து நம்பிவிடுங்கள்.

அந்தக் கணினியில் நாடே முப்பரிமாணத்தில் தெரியும். மலை மலையாகவே நிற்கும், வீடு வீடாகவே நிற்கும். இரண்டு இடங்களைத் தொட்டால் தூரம் வரும், ஒரே இடத்தைத் தொட்டால் உயரம் வரும். மன்னருக்குச் சாப்பாடு கூட மறந்துபோனது.

மன்னர் கொஞ்சம் குள்ளம். சிம்மாசனத்தில் இரண்டு மெத்தை போட்டுத்தான் உட்காருவார். அதனாலோ என்னவோ, அரண்மனையை விட உயரமான வீடு நாட்டில் இருந்தால் இடித்துவிட வேண்டும் என்று எப்போதோ சட்டம் போட்டிருந்தார்.

அமைச்சர் அம்பலவாணருக்கு அந்தச் சட்டம் வசதியாகப் போயிற்று. தேன்மலை உச்சியில் கோடை மாளிகை கட்ட அவருக்கு வெகுநாள் ஆசை. அங்கேயோ தேன் எடுக்கும் இருளாயி தன் இரண்டு பிள்ளைகளோடு குடிசை போட்டிருந்தாள்.

அமைச்சர் திரையைத் தொட்டார். "பாருங்கள் மன்னா! அரண்மனைக் கோபுரம் இருநூற்று நாற்பது அடி. இருளாயி குடிசையோ ஆயிரத்து நூற்றைந்து அடி!"

மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. "இடியுங்கள்!"

இருளாயி சபைக்கு ஓடிவந்து அழுதாள். "சாமி, என் குடிசையில நிமிந்து நின்னா கூரை தலையில இடிக்குது. அது எப்படிங்க அரமனையை விட ஒசரம்? மழைக்காலம் வருது, புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அரசவை விகடகவி சாத்தப்பன் திரையருகே வந்தான். அவன் கண் திரையின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே பொடி எழுத்தில் 'கடல் மட்டத்திலிருந்து' என்றிருந்தது. அட, இதுதானா சங்கதி! ஆனால் கோபத்தில் இருக்கும் மன்னரிடம் நேராகச் சொன்னால் காதில் ஏறாது.

"சட்டம் என்றால் சட்டம்தான் மன்னா. இடித்தே ஆகவேண்டும்" என்றான்.

அமைச்சர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"ஆனால் கடப்பாரை ஆட்களை மலைக்கு அனுப்பும் வழியில் மேட்டுத்தெருவிலும் ஒரு வேலை இருக்கிறது. அந்த மூன்றாவது வீட்டு மொட்டைமாடியைக் கொஞ்சம் தொடுங்கள்" என்று தொடர்ந்தான் சாத்தப்பன்.

மன்னர் தொட்டார். "இருநூற்று அறுபத்திரண்டு அடியா! கோபுரத்தை விட இருபத்திரண்டு அடி அதிகம். யார் வீடு இது?"

"அமைச்சர் வீடு. மாடியில் அவர் வீட்டம்மா வடகம் காயப்போட்டிருக்கிறார். அந்த வடகம் கூட நம் கோபுரத்தை விட உயர்ந்துவிட்டது மன்னா!"

அமைச்சருக்கு வியர்த்தது. "ஐயோ, தெருவே மேடு மன்னா! அந்த மேட்டையும் சேர்த்து அளந்தால் எப்படி? தரையிலிருந்து அளந்தால் என் வீடு வெறும் இருபத்திரண்டு அடிதான்!"

"அப்படிச் சொல்லுங்கள்! இருளாயி குடிசைக்கு மட்டும் மலையையும் சேர்த்து அளக்கலாமோ?" என்றான் சாத்தப்பன். பொடி எழுத்தைத் தொட்டு, 'தரையிலிருந்து' என்று மாற்றினான்.

கோபுரம் தொண்ணூறு அடி. குடிசை ஐந்து அடி.

மன்னர் திரையைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "இருளாயி, உன் குடிசையை இனி யாரும் தொடமாட்டார்கள். அமைச்சரே, கூரையை நிமிர்ந்து நிற்கும்படி உயர்த்திக் கட்டிக்கொடுப்பது உம் பொறுப்பு. சாத்தப்பா, இந்தா!" என்று முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். சபை கலைந்தது. மன்னர் சாத்தப்பனை மட்டும் கையசைத்து அருகில் அழைத்தார்.

"நான் எவ்வளவு உயரம் என்று பார்."

"தரையிலிருந்து ஐந்தடி, மன்னா."

"ம்... கடல் மட்டத்திலிருந்து?"

"நூற்று ஐம்பத்தைந்து."

மன்னர் மெத்தையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஊருக்கெல்லாம் தரையிலிருந்தே அளந்துகொள். எனக்கு மட்டும் கடல் மட்டத்திலிருந்தே இருக்கட்டும்!"