கதவுக்கு இந்தப் பக்கம்

முதலில் ஒரு விடுகதை. ஓர் அறைக்குள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் வெளியே போனார். அதன் பிறகு யாரும் கதவைத் திறந்து உள்ளே நுழையவில்லை. ஆனாலும் எண்ணிப் பார்த்தபோது உள்ளே நான்கு பேர். எப்படி?

விடை தெரிந்துவிட்டதா? அதை மனத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போனவர் யார், ஏன் போனார் என்பதுதான் கதை.

மலைமேல் ஒரு பிரசவ இல்லம் இருந்தது. அங்கே பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எஸ்தர் டீச்சர். அவருடைய வகுப்பில் பொற்கொடிதான் எப்போதும் முதலாவது. ஒருமுறை சொன்னால் போதும், பிசகாமல் செய்வாள். இப்போது அவளே தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஆபரேஷன் இல்லாமல், தான் படித்த இடத்திலேயே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை.

ஏழாம் மாதத்தில் அவள் கேட்டாள்.

“டீச்சர், என் பக்கத்துல யார் யார் இருக்கணும்?”

“யாரை நினைச்சு வெச்சிருக்கே?”

“பெரிய நர்ஸம்மா. எங்க மாமியார், அவங்க ஆறு பெத்தவங்க. அப்புறம் நீங்க.”

“ஜமீலா?”

ஜமீலா அவளோடு படித்தவள். அந்த இல்லத்திலேயே எத்தனையோ பிரசவம் பார்த்தவள்.

“அவளா! வாய் ஓயாது டீச்சர். நான் வலியில கிடக்கும்போது ஜோக் சொல்லுவா.”

எஸ்தர் மேசைமேல் தலையைச் சாய்த்தார். வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டார். மாவு மெஷின் ஓடுவது போல இருந்தது. பொற்கொடி சிரித்துவிட்டாள்.

எஸ்தர் நிமிர்ந்தார்.

“யார் எதிர்ல உன்னால இப்படித் தூங்க முடியுமோ, அவங்களைக் கூப்பிடு.”

பொற்கொடி யோசித்தாள். மாமியார் விழித்திருக்கும்போது அவள் படுத்ததே இல்லை. பெரிய நர்ஸம்மா முன்னால் உட்கார்ந்ததுகூட இல்லை.

“எங்க வீட்டுக்காரர் எதிர்ல தூங்குவேன். ஆனா ஊசியைப் பார்த்தாலே அவருக்கு மயக்கம் வரும்.”

“விழுந்தா தாண்டிப் போய்க்கலாம். அப்புறம்?”

“ஜமீலா. ஹாஸ்டல்ல என் குறட்டை தாங்காம காதுல பஞ்சு வெச்சுக்குவா.”

“சரி. நான்?”

“உங்க கிளாஸ்ல யாராவது தூங்க முடியுமா டீச்சர்?” பொற்கொடி மறுபடி சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லாம என்னால முடியாது.”

எஸ்தர் அன்று மாலை ஒரு புது ஏப்ரனை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தார்.

பிரசவ அறைக்குள் வர வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லும் வேலை கணவன் தங்கதுரைக்கு வந்தது. ஒரு வாரம் அவனுக்குக் குழம்பில் உப்பு இல்லை. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மனைவியின் பாரத்தை நெஞ்சில் தாங்கப் பழகினான். “தைரியமா இரு” என்று அவன் சொன்னபோதெல்லாம் எஸ்தர் அவன் வாயில் ஒரு கடலை மிட்டாயைத் திணித்தார்.

“எனக்கு என்ன டீச்சர் சொல்றீங்க?” என்றாள் ஜமீலா.

“நீ எப்பவும்போல இரு.”

வலி ஒரு விடியற்காலையில் வந்தது. அறைக்குள் பொற்கொடி, தங்கதுரை, ஜமீலா, எஸ்தர் என நால்வர்.

பொற்கொடி படித்ததை ஒன்றுவிடாமல் செய்தாள். மூச்சை இழுத்தாள், அளந்து விட்டாள். சத்தமே போடவில்லை. ஒவ்வொரு வலி அடங்கியதும் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

“சரியா செய்றேனா டீச்சர்?”

“நல்லாத்தான் செய்றே.”

வெயில் ஏறியது. வலி தளர்ந்துகொண்டே போனது. கருப்பையின் வாய் காலையில் திறந்த அளவிலேயே நின்றது. பகல் சாய்ந்தது. ஜமீலாகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

வாசலில் நின்ற ஜீப்பின் டிரைவர் ஜன்னலைத் தட்டினார்.

“டீச்சர், கீழே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா சீக்கிரம் சொல்லுங்க. பனி மூடிட்டா வளைவுல ரோடே தெரியாது.”

பொற்கொடிக்கு அது கேட்டது. உதட்டைக் கடித்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் டீச்சர். சரியா செஞ்சுடறேன்.”

எஸ்தர் பனியைப் பார்க்க வெளியே வந்தார். கீழே தேயிலைச் சரிவு பாதி மறைந்திருந்தது.

“வண்டியைத் திருப்பி நிறுத்துங்க,” என்றார்.

அப்போது உள்ளே ஓர் அலறல்.

எஸ்தர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அலறல் பாதியில் நின்றது.

“மன்னிச்சுடுங்க டீச்சர். இனிமே கத்த மாட்டேன்.”

“குழந்தைக்குத் துடிப்பு?” என்றார் எஸ்தர்.

“நல்லா இருக்கு டீச்சர்,” என்றாள் ஜமீலா.

எஸ்தர் நின்றபடியே காத்திருந்தார். அடுத்த வலி வந்தது. சின்னதாக வந்து, சின்னதாகப் போனது. பொற்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தண்ணி குடிச்சிட்டு வரேன்,” என்று எஸ்தர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

உள்ளே பொற்கொடி அலறினாள். தங்கதுரையைத் திட்டினாள். அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினாள்.

“இருடி, இதை அப்படியே உன் மாமியார்கிட்ட சொல்றேன்,” என்றாள் ஜமீலா.

பொற்கொடி அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. அடுத்த அலறல் இன்னும் பெரிதாக வந்தது.

“கிளம்பலாமா டீச்சர்?” என்றார் டிரைவர். “பனி ஏறுது.”

“தெரியுது. கொஞ்சம் பொறுங்க.”

எஸ்தர் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். அதை நான்காக மடித்தார்.

“டீச்சர்!” உள்ளேயிருந்து பொற்கொடியின் குரல். “எங்கே போயிட்டீங்க? நான் சரியா செய்றேனான்னு யார் பார்க்கறது?”

எஸ்தர் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். மடித்த ஏப்ரனைத் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டார்.

“கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கேன்,” என்றார். “எனக்குத் தூக்கம் வருது. குறட்டை விட்டா ஒண்ணும் நினைச்சுக்காதே.”

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழுந்த, அளவில்லாத சத்தம். எந்த வகுப்பிலும் அவர் அதைக் கற்றுக்கொடுத்ததில்லை.

வலிக்கும் வலிக்கும் நடுவே ஜமீலா குழந்தையின் துடிப்பைக் கேட்டு, வெளியே எட்டும்படி சொன்னாள். எஸ்தர் கண்ணை மூடவே இல்லை. பனி ஜீப்பின் சக்கரம் வரை வந்திருந்தது.

“தலை தெரியுது டீச்சர்!” ஜமீலா கத்தினாள். “உள்ளே வர்றீங்களா?”

“துடிப்பு?”

“நல்லா இருக்கு!”

எஸ்தரின் கை தாழ்ப்பாள் வரை போனது. அங்கேயே நின்றது.

“அவளைக் கேளு,” என்றார்.

குழந்தை அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே இருந்த மூவரிடம் வந்து சேர்ந்தது.